கவிஞனைத் தனியனாக்கியது யார்?

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். அங்குப் பேசிய இளங்கவிஞர் ஒருவர், "தனிமை கவிஞனோடு கூடப் பிறந்தது, கூட்டத்தின் நடுவே நின்றாலும் அவன் தனியன்தான், இத்தனிமை இல்லாதவன் கவிஞனே அல்லன்" என்று முழங்கினார். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. அந்நேரத்தில் நம் பக்கத்தில் அமர்ந்திருந்த ஆலிம் ஒருவர் நம் காதருகே குனிந்து, "தனியாகவே இருக்கட்டும் ஹழ்ரத், நல்லதுதான். திருமறையே இவர்களை ஒதுக்கி வைத்திருக்கிறதே!" என்றார்.

மேடையில் நின்றவரும் மேடைக்குக் கீழே இருந்தவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருவர் பெருமையாகச் சொன்னதை மற்றவர் தண்டனையாகச் சொன்னார். ஆயினும் கவிஞனுக்கு ஊருக்குள் இடமில்லை என்னும் முடிவில் இருவரும் ஒன்றுபட்டு நின்றார்கள். இந்த இருவரோடும் நமக்கு வழக்குண்டு. கவிஞனின் தனிமை பிறவியில் வந்ததன்று. இறைவன் விதித்த தண்டனையும் அன்று. யாரோ செய்த செயலால் நேர்ந்தது அது. சிலவேளைகளில் அதைச் செய்தவன் கவிஞனே. பலவேளைகளில் செய்தவர்கள் நாம்.

முதலில் மேடைக்காரரிடம் பேசுவோம்.

கவிதையைத் தம் உயிர்மூச்சாகக் கொண்ட சமூகம் ஒன்று உண்டென்றால் அது பழைய அரபுச் சமூகம். கைரவான் நகரில் வாழ்ந்த இப்னு ரஷீக் ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் எழுதிய 'அல்உம்தா' என்னும் நூல் கவிதைக் கலையைப் பற்றியது. ஒரு குலத்தில் கவிஞன் தோன்றினால் என்ன நடக்கும் என்பதை அவர் அதில் எழுதி வைத்திருக்கிறார். அயற்குலத்தார் வந்து வாழ்த்துவார்களாம். விருந்து சமைக்கப்படுமாம். மணவீட்டில் செய்வதுபோலப் பெண்கள் கூடி யாழிசைப்பார்களாம். ஆண் குழந்தை பிறத்தல், கவிஞன் தோன்றுதல், நற்சாதிக் குதிரை குட்டி ஈனுதல் ஆகிய மூன்றுக்கன்றி வேறெதற்கும் அவர்கள் ஒருவரையொருவர் வாழ்த்துவதில்லை என்றும் குறிக்கிறார். கூடப் பிறந்த தனிமை என்கிறாரே நம் இளைஞர், அந்த விருந்துப் பந்தலில் அது எந்த மூலையில் இருந்தது?

அக்காலக் கவிஞன் ஒருபொழுதும் தனியே நடந்தவன் அல்லன். அவனோடு ராவி ஒருவன் இருந்தான். கவிஞன் சொல்வதை மனத்தில் ஏற்றி, ஊரூராகச் சொல்லிச் சென்றவன் அவன். அந்த ராவியே பின்னாளில் கவிஞனாவான். அவ்ஸ் பின் ஹஜருக்கு ஸுஹைர் ராவி. ஸுஹைருக்கு அவர் மகன் கஅபும், ஹுதைஆவும் ராவிகள். மகன் தந்தையிடமும் மாணவன் ஆசானிடமும் கைமாற்றிப் பெற்ற தொழில் இது. ஸுஹைரின் நெடும்பாக்களை 'ஆண்டுப்பாக்கள்' என்பர். நான்கு மாதம் இயற்றுவார், நான்கு மாதம் செப்பனிடுவார், நான்கு மாதம் நுண்மை அறிந்தவர்களிடம் சொல்லிக் காட்டுவார், அதன் பிறகே ஊரறியச் சொல்வார் என்பது செய்தி. கவிதை இயற்றத் தனியிடம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. மறுத்தால் நம் மாணவர்களே சிரிப்பார்கள். பாடம் மனனம் செய்யக்கூட அவர்கள் கபுருஸ்தான் மதிலோரம் போய் உட்காருகிறவர்கள். ஆனால் ஸுஹைரின் அந்த ஓராண்டில் மூன்றிலொரு பங்கு பிறர் செவிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

யாப்பின் சொற்களே இதற்குச் சான்று சொல்லும். அரபியில் ஒரு செய்யுளடிக்கு 'பைத்து' என்று பெயர். பைத்து என்றால் வீடு. அதன் இரு பாதிகளும் 'மிஸ்ராஉ' எனப்படும். அது இரட்டைக் கதவின் ஒரு பலகை. அரூள் கலையை வகுத்த கலீல் பின் அஹ்மது அசைகளுக்கு வைத்த பெயர்கள் 'ஸபப்', 'வதத்' என்பன. ஒன்று கூடாரக் கயிறு, மற்றது முளைக்கம்பு. கதவும் கயிறும் முளையும் கொண்டு கட்டப்படுவது ஆள் நுழைவதற்கான வீடு. உள்ளே அமர்ந்து கதவைச் சாத்திக்கொள்வதற்கென்று யாரும் இரட்டைக் கதவு வைப்பதில்லை.

"ஷன்ஃபராவை மறந்துவிட்டீரா?" என்று கற்றவர்கள் கேட்கக்கூடும். மறக்கவில்லை. குலத்தை விட்டுப் பிரிந்து பாலையில் திரிந்த 'ஸஆலிக்' கூட்டத்துக் கவிஞர்களில் அவர் தலையாயவர். காட்டு விலங்குகளையே தம் சுற்றமாகக் கொண்டதாகப் பாடும் 'லாமிய்யத்துல் அரப்' அவர் பெயரால் வழங்குகிறது. அது அவருடையதுதானா என்ற ஐயம் முற்கால அறிஞர்களிடமே இருந்தது. அது நிற்க. அந்நாளில் ஒருவனைக் குலத்திலிருந்து நீக்குவதற்கு 'கல்உ' என்று பெயர். இன்னான் செய்யும் குற்றத்திற்கு நாங்கள் பொறுப்பல்ல, அவனைக் கொன்றாலும் பழி கேட்கமாட்டோம் என்று மக்கள் கூடும் சந்தையில் அறிவிப்பார்கள். தீர்ப்பு, அதைச் சொன்னவர், கேட்டுநின்ற சாட்சி எல்லாம் உண்டு அதில். தொட்டிலில் கிடந்தபோதே யாரும் அப்படி விலக்கப்படவில்லை. விலக்கப்பட்டவர்களும் தனியே திரியவில்லை. ஷன்ஃபராவும் தஅப்பத ஷர்ரனும் கூடித் திரிந்தவர்கள். முன்னவர் கொல்லப்பட்டபோது பின்னவர் இரங்கற்பா பாடினார். உர்வா பின் அல்வர்தோ நோயாளிகளையும் வறியோரையும் கூட்டி வைத்துத் தாம் கொணர்ந்ததைப் பங்கிட்டு உண்டவர். அதனாலேயே 'உர்வத்துஸ் ஸஆலிக்' என்ற பெயர் பெற்றார். ஒதுக்கப்பட்ட கவிஞன் முதற்காரியமாகச் செய்தது, இன்னொரு பந்தியை விரித்ததுதான்.

தரஃபாவின் கதை வேறு. முஅல்லகாக் கவிஞர்களில் இளையவர் அவர், இளமையிலேயே கொலையுண்டவர். தம் குலம் தம்மை ஒதுக்கியதைச் சொல்லுமிடத்தில், தார் பூசிய ஒட்டகத்தோடு தம்மை ஒப்பிடுகிறார். சொறி கண்ட ஒட்டகத்துக்குக் கீல் பூசி மந்தையிலிருந்து தனியே கட்டுவது பாலை மக்களின் வழக்கம். இந்த உவமையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடம் இரண்டு செய்திகளை நாம் சொல்வதுண்டு. ஒன்று, தரஃபாவை ஒதுக்கியது அவர் கவிதைக்காக அன்று. குடித்தும் கூத்தாடியும் பரம்பரைச் சொத்தைத் தொலைத்ததற்காக. அதை மறைக்காமல் அவரே சொல்லிவிடுகிறார். இக்காலக் கவிஞர் சிலரிடம் இல்லாத நேர்மை அது. மற்றொன்று, கீல் என்பது மருந்து. புண் ஆறியதும் ஒட்டகம் மந்தைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகவே அதைப் பூசுகிறார்கள். பூசிக் கட்டியவன் அவிழ்க்க மறந்தால் அது ஒட்டகத்தின் குற்றமாகாது.

இவர்களையெல்லாம்விடத் தனிமைக்குப் பெயர் போனவர் அபுல் அலா அல்மஅர்ரி. கி.பி. 973இல் சிரியாவின் மஅர்ரத்துந் நுஃமானில் பிறந்தார். நான்கு வயதளவில் அம்மை கண்டு பார்வை இழந்தார். பகுதாதுக்குச் சென்று ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்கி 1010இல் ஊர் திரும்பியபோது தாயார் காலமாகியிருந்தார். அதன்பின் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை என்று முடிவு செய்து, குருடும் வீடுமாகிய இரு சிறைகளின் கைதி என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டார். அவருடைய கொள்கைகளில் நம்மால் ஏற்க முடியாதவை பல உண்டு. ஆயினும் கவனியுங்கள். 1047இல் அவ்வூர் வழியே சென்ற பாரசீகக் கவிஞர் நாஸிர் குஸ்ரோ, அந்தச் 'சிறை'யில் தாம் அறிந்ததைப் பயண நூலில் எழுதியிருக்கிறார். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பல திசைகளிலிருந்தும் வந்து அவரிடம் இலக்கியமும் கவிதையும் கற்றுக்கொண்டிருந்தார்களாம்! இவ்வளவு மாணவர்களை வைத்துக்கொண்டிருந்தவரைத் தனிமையின் இமாமாக்கியது யார்? அவர் பாட்டில் சொன்ன தனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, திண்ணையில் அமர்ந்திருந்த கூட்டத்தைப் பார்க்க மறந்த வாசகர்களே. 2013இல், அதே ஊரில் நின்ற அவருடைய சிலையின் தலையை ஆயுதக் கும்பல் ஒன்று வெட்டி எறிந்தது. மாண்டு ஆயிரம் ஆண்டு நெருங்கிய பிறகும் அவரை ஊர்விலக்கம் செய்ய ஆள் இருந்தது.

தனித்திருத்தல் வேறு, ஒதுக்கப்படுதல் வேறு. இந்த வேறுபாட்டைச் சூஃபிகள் நன்கறிவர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் உஸ்லத் என்னும் தனித்திருத்தலுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி அதன் நன்மையையும் கேட்டையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். தொண்டியருகே பிறந்து சென்னையில் அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு (1792-1838) துறவை விரும்பி ஏற்றவர். அவரைத் தேடி வந்து மாணவரானவர்களில் மாற்றுச் சமயத்துப் புலவர்களும் இருந்தனர். தாமே விரும்பி அடைத்த கதவைத் தாமே திறக்கலாம். வெளியிலிருந்து தாழிட்ட கதவு அப்படியன்று.

இனி, காதோரம் பேசிய ஆலிம் அவர்களுக்கு வருவோம்.

அவர் மனத்தில் வைத்துப் பேசியது 26ஆம் அத்தியாயமான அஷ்ஷுஅராவின் 224 முதல் 226 வரையிலான வசனங்களை. வழிதவறியோர் கவிஞர்களைப் பின்பற்றுவதும், அவர்கள் பள்ளத்தாக்குதோறும் அலைவதும், செய்யாததைச் சொல்வதும் அங்குக் கண்டிக்கப்படுகின்றன. உண்மை. அத்தியாயம் அதோடு முடிந்துவிட்டதா? 227ஆம் வசனம் எங்கே போயிற்று? இறைநம்பிக்கை கொண்டு நற்செயல் புரிந்து இறைவனை மிகுதியும் நினைவுகூர்ந்து, அநீதிக்குள்ளான பின் தம்மைக் காத்துக்கொண்டவர்களை அது விலக்கி நிறுத்துகிறதே! முந்திய வசனங்கள் இறங்கியபோது ஹஸ்ஸான் பின் தாபித், அப்துல்லாஹ் பின் ரவாஹா, கஅப் பின் மாலிக் (ரலி) மூவரும் அழுதுகொண்டே அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்ததாகவும், அண்ணலார் இவ்வசனத்தை ஓதிக் காட்டியதாகவும் தஃப்ஸீர்களில் காண்கிறோம். கவிஞர்கள் அழுததுவரை ஓதிவிட்டு, அவர்கள் கண்ணீரைத் துடைத்த வசனத்தை விட்டுவிடுவது என்ன ஓதல்? தொழுகையாளிகளுக்குக் கேடு என்பதோடு நிறுத்திக்கொண்டு அடுத்த வசனத்தை விழுங்குகிறவனைப் பற்றி நாமே பயானில் நகையாடுவதில்லையா?

ஹஸ்ஸான் (ரலி) கவி சொல்வதற்கென்று மதீனாப் பள்ளிவாசலுக்குள் மிம்பர் ஒன்று வைக்கப்பட்டது. திர்மிதியிலும் அபூதாவூதிலும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பாக இது வருகிறது. கவிஞனின் இடம் பள்ளிக்கு வெளியிலும் அன்று, செருப்பு விடும் இடத்திலும் அன்று. பிற்காலத்தில் அதே பள்ளியில் ஹஸ்ஸான் கவி சொல்லிக்கொண்டிருந்தபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முகம் சுளித்துப் பார்த்தார்கள். உம்மைவிடச் சிறந்தவர் இங்கிருந்தபோதே சொன்னவன் நான் என்று ஹஸ்ஸான் விடையிறுத்து, அபூஹுரைரா (ரலி) அவர்களைச் சாட்சிக்கு அழைத்தார். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. கலீஃபாவின் சுளித்த பார்வைக்கே அங்குப் பதில் சொல்ல முடிந்தது. நம் மதரஸாக்களில் ஒரு வார்டனின் பார்வைக்குப் பதில் சொல்ல முடியுமா?

கவிஞன் குற்றம் செய்தால்? செய்தான், ஹுதைஆவைவிட நாக்குக் கொடியவன் அரபுலகில் அரிது. பெற்ற தாயை வைதான். வைவதற்கு ஆள் கிடைக்காதபோது தன் முகத்தையே வைதான். ஸிப்ரிகான் பின் பத்ரை இழித்துப் பாடியதற்காக உமர் (ரலி) அவர்கள் அவனைச் சிறையிலிட்டார்கள். தன் பிள்ளைகளின் பசியைச் சொல்லி அவன் கவியாலேயே முறையிட்டபோது கலீஃபா மனம் இளகி விடுவித்து, இனி முஸ்லிம்களின் மானத்தை விற்பதில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டு 3,000 திர்ஹம் கொடுத்ததாக வரலாறு. தண்டனை இருந்தது. அதற்கு முடிவும் இருந்தது. திரும்பி வந்து வாழ வழியும் இருந்தது.

நம் தமிழகத்திற்கு வருவோம். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட முனைந்தபோது, கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவரை மகான் ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் அனுப்பினார் என்பதும், புலவரின் உடையையும் கோலத்தையும் கண்டு அப்பா அவர்கள் முதலில் குறிப்புத் தர மறுத்துவிட்டார்கள் என்பதும் செவிவழிச் செய்தி. அன்று புலவர் பட்ட தனிமையை எண்ணிப் பாருங்கள். அரபு தெரிந்தவர் வாய் திறந்தாலன்றி அவர் காப்பியம் ஓரடியும் நகராது. மறுத்தவரோ அரபியில் கவி யாத்த பெரியார். ஆயினும் அச்செய்தி அங்கே முடியவில்லை. பின்னர்க் கதவு திறந்தது, குறிப்புகள் கிடைத்தன, சீதக்காதி மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் கைகொடுத்தார், 5,027 விருத்தங்கள் நமக்குக் கிடைத்தன. 1842இல் அதனை முதன்முதல் அச்சேற்றியவரும் ஓர் ஆலிம்தான். சேகனாப் புலவர் எனப்படும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை அவர்கள். கவிதையும் கிதாபும் ஒரே கையில் இருந்த காலம் அது!

உமறு அடங்கிய எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியார் கடையத்தில் வாழ்ந்த நாள்களில் சொந்த உறவினராலேயே ஒதுக்கப்பட்டார். 1920இல், அருகேயுள்ள பொட்டல்புதூர் முஸ்லிம்கள் அவரை அழைத்துத் தம் மார்க்கத்தைப் பற்றியே பேசச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு தெரு அடைத்ததை இன்னொரு தெரு திறந்தது. மறு ஆண்டு அவர் இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பதையும் படித்திருக்கிறோம்.

முன்பெல்லாம் ஒரு நூல் அவையேறி அரங்கேறினால்தான் நூல். தடை கேட்பார்கள், விடை சொல்ல வேண்டும். நம் முன்னோர் பாடிய கிஸ்ஸாவும் முனாஜாத்தும் மசலாவும் நாமாவும் நான்கு பேர் கூடிய கூடத்தில் ஒருவர் ஓதப் பிறர் கேட்பதற்கென்றே எழுந்தவை. எழுதியவர் பெயர் தெரியாத பெண்டிர்கூட அவற்றைத் தாலாட்டோடு சேர்த்துப் பாடினர். அச்சு வந்தபின் கவிஞன் ஒரு மூலையில் எழுதுகிறான். வாசகன் வேறொரு மூலையில் படிக்கிறான், படித்தால். இருவருக்கும் நடுவே அவை இல்லை. இப்படி அவையைக் கலைத்துவிட்டு, மூலையில் இருப்பவனைப் பார்த்து "இவன் பிறவித் தனியன்" என்கிறோம். அவனும் அதைப் பட்டமாகச் சூடிக்கொள்கிறான். மேடையில் முழங்கிய இளைஞர்மேல் நமக்குள்ள வருத்தம் இதுதான். உம்மை வெளியே தள்ளியவன் சொன்ன சொல்லையே நீரும் சொன்னால், கதவைத் தட்டுவது யார்?

இவ்வளவும் எழுதும் தகுதி நமக்கு உண்டா என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

25 ஆண்டுகளுக்கு முன் ஒரு மதரஸாவில் நாம் அல்ஃபிய்யா பாடம் நடத்தி வந்தோம். இப்னு மாலிக் (ரஹ்) அவர்கள் அரபு இலக்கணம் முழுவதையும் ஏறத்தாழ ஆயிரம் பைத்துகளில் அடக்கிய செய்யுள் நூல் அது. இலக்கணத்தைச் செய்யுளில் ஓதுகிறோம், பாகப்பிரிவினைச் சட்டத்தைச் செய்யுளில் ஓதுகிறோம். ஆனால் மாணவன் செய்யுள் எழுதினால் நடுங்குகிறோம். ஒரு மாணவன், பதினாறு வயதிருக்கும், பாடக் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் தமிழில் கவிதை எழுதி வைத்திருந்தான். தாயை நினைத்து எழுதியவை, மழையைப் பற்றியவை, ஒன்றிரண்டு காதலைப் பற்றியவை. அது பொறுப்பாளர் கையில் சிக்கிற்று. எல்லா மாணவர்களையும் கூட்டி வைத்து, அவனையே நிற்க வைத்து, ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்தார். பின் நம் பக்கம் திரும்பி, "ஹழ்ரத் என்ன சொல்கிறீர்கள்?" என்றார். அந்த ஏட்டில் இரண்டு கவிதைகள் நன்றாகவே இருந்தன. அது நமக்குத் தெரிந்தது. நாம் ஒன்றும் சொல்லவில்லை. ஏடு சமையற்கட்டு அடுப்புக்குப் போயிற்று.

அன்றிரவு முதல் அவனைச் சஹனில் சேர்த்துக்கொள்ள மற்றப் பிள்ளைகள் அஞ்சினார்கள். நால்வர் கூடி ஒரு சஹனில் உண்ணும் இடத்தில் அவன் மட்டும் தனித்தட்டில் சோறு வாங்கித் தூணருகே உண்டான். யாரும் அப்படிக் கட்டளையிடவில்லை. நாம் அதைத் தினமும் பார்த்தோம். 'இங்கே வா வாப்பா, நம் சஹனில் உட்கார்' என்று சொல்ல ஒரு கணம் போதும். சனது வாங்கும் முன்பே அவன் ஊருக்குப் போய்விட்டான்.

சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில் அவரைக் கண்டோம். அரிசிக் கடை வைத்திருக்கிறார். தாடி நரைத்திருந்தது. ஸலாம் சொல்லிக் கையைப் பற்றிக்கொண்டார்.

"என்ன வாப்பா, எழுதுவதை விட்டுவிட்டாயா?" என்று கேட்டோம்.

"எழுதுகிறேன் ஹழ்ரத். யாரிடமும் காட்டுவதில்லை" என்றார்.

"ஏன்?"

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்றைக்கே உங்களிடம்தான் முதலில் காட்டுவதாக இருந்தேன்" என்றார்.

இப்போது காட்டேன் என்று கேட்டோம். பார்க்கிறேன் ஹழ்ரத் என்று சொல்லிவிட்டு, பந்தியில் நமக்கு இடம் பார்த்து உட்கார வைத்து, பரிமாறச் சொல்லிவிட்டுப் போனார். ஏடு இன்னும் வரவில்லை. மீண்டும் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம்.